குளத்தில் இழுத்த கரமடி: குமரி மாவட்டக் கல்லூரி ஒன்றின் சேவைத் திட்டம் பற்றிய நிகழ்வு ஆய்வு

நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரி. அங்கே ஐந்து மாணவர் அமைப்புகள் ஒன்றாகச் சேர்ந்து, கும்பப்பூ நெல் அறுவடை முடிந்த கையோடு, நாஞ்சில் நாட்டுக் குளம் ஒன்றில் மண்டிக் கிடந்த ஆகாயத்தாமரையை அகற்றின. பிறகு அதே பிள்ளைகள் ஒரு கடற்கரை ஊருக்கும் போனார்கள். குளத்து வேலை நன்றாக அமைந்தது. கடற்கரை வேலை முதலில் கெட்டு, அப்புறம் தேறியது. இரண்டுக்கும் காரணம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது என் கணிப்பு. கல்லூரியின் பெயரும் ஊர்களின் பெயரும் இங்கே வேண்டாம். பங்கெடுத்தவர்கள் மனம்விட்டுப் பேசியதற்கு அதுதான் நிபந்தனை.

பஸ் வாரியாக ஒரு கல்லூரி

1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்த மாவட்டம் இது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சுமார் 18.7 லட்சம் பேர். இந்துக்கள் 48.6 சதவீதம், கிறித்தவர்கள் 46.8 சதவீதம், இஸ்லாமியர் 4.2 சதவீதம். வெளியூர்க்காரர்கள் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இங்குள்ள பிரிவு சமயப் பிரிவு மட்டுமே என்று நினைத்துவிடுவார்கள். உள்ளே வந்தால் கோடுகள் வேறு மாதிரி ஓடும். கடப்புறம் என்னும் கடலோரம் ஒரு உலகம், கடற்கரைக்காரர்கள் 'உள்நாடு' என்று சொல்லும் வயல் பக்கம் இன்னொரு உலகம். வேதக்காரர்கள் எனப்படும் கிறித்தவர்களுக்குள்ளேயே கடற்கரையும் உள்நாடும் கொண்டு கொடுப்பது அபூர்வம். விளவங்கோடு பக்கத்து மலையாள வாடை அடிக்கும் பேச்சைத் தோவாளைப் பையன்கள் கேலி செய்வார்கள். குலசேகரம், பேச்சிப்பாறை ரப்பர் காட்டுப் பிள்ளைகளும் காணி பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து வருகிறவர்களும் யாரோடும் சேராமல் ஒதுங்கி நிற்பார்கள்.

1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கிய இந்து-கிறித்தவக் கலவரத்தை இன்றைய மாணவர்கள் பார்த்ததில்லை. நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரித்து அறிக்கை தந்ததெல்லாம் அவர்களுக்குப் பழங்கதை. ஆனால் எந்த ஊர் வழியாக ராத்திரி வரக்கூடாது என்ற எச்சரிக்கை சில வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதே வீடுகளில், 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடற்கரை மக்களுக்குக் கல்யாண மண்டபத்தையும் பள்ளிக்கூடத்தையும் திறந்துவிட்டுச் சோறு பொங்கிய கதையும் உண்டு. எந்தக் கதை எப்போது ஞாபகத்துக்கு வரும் என்பது நாளைப் பொறுத்தது.

கல்லூரிக்குள் இந்தக் கோடுகளை அச்சுப் பிசகாமல் கொண்டுவந்து சேர்ப்பது டவுன் பஸ். குளச்சல் பஸ்ஸில் வருகிறவர்கள் ஒரு செட், மார்த்தாண்டம் பஸ் ஒரு செட், தோவாளை பஸ் ஒரு செட், விடுதிப் பையன்கள் தனி. காலையில் முக்கால் மணி நேரம் ஒட்டி நின்று வருகிறவர்கள் வகுப்பிலும் ஒட்டித்தான் உட்காருவார்கள். ஒருவன் தேசிய மாணவர் படையில் சேர்ந்தால் அவன் பஸ் செட்டே பின்னால் போகும். இப்படியே நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம், செஞ்சுருள் சங்கம், ரோட்டராக்ட் என்ற ஐந்தும், பெயரளவில் எல்லாருக்கும் பொது என்றாலும், உள்ளுக்குள் ஒவ்வொரு பக்கத்து ஆட்களின் கூடாரமாகிவிட்டன. கலைவிழாவில் தகராறு வந்தால் யார் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும்.

நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. ஒற்றுமை உறுதிமொழி எடுத்தார்கள். பொங்கல், ஓணம், ரம்ஜான், கிறிஸ்துமஸ் எல்லாவற்றையும் ஒரே மேடையில் கொண்டாடினார்கள். சமபந்தி போட்டார்கள். பந்தியில் பிள்ளைகள் உட்கார்ந்த வரிசையைப் பார்த்தால் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் வரிசை அப்படியே இருந்தது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. 1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் முசாபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர், 22 சிறுவர்களை ஒரு முகாமில் இரண்டு அணிகளாகப் பிரித்து மோதவிட்டுப் பார்த்தார். பிறகு பகையைத் தணிக்க, சேர்ந்து சினிமா பார்க்கவும் சேர்ந்து சாப்பிடவும் வைத்தார். சாப்பாட்டு நேரத்தில் சாப்பாட்டையே ஒருவர் மேல் ஒருவர் எறிந்தார்கள். முகாமின் தண்ணீர்க் குழாய் அடைபட்டு, இரண்டு அணியும் சேர்ந்து தேடினால்தான் குடிக்கத் தண்ணீர் என்ற நிலை வந்தபோதுதான் பேச்சு மாறத் தொடங்கியது. அதுவும் ஒரே நாளில் இல்லை. அப்படிப் பல வேலைகள் வரிசையாக வந்தபிறகே. அந்தச் சோதனை பற்றி நியாயமான குறைகள் பல உண்டு. சிறுவர்களிடம் விஷயத்தைச் சொல்லவே இல்லை என்பது அதில் பெரியது. ஆனாலும் 'சேர்ந்து இருப்பது' வேறு, 'சேராமல் முடியாது' என்பது வேறு என்ற பாடம் நிற்கிறது. இந்தக் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் ஷெரிஃபைப் படித்தவர் இல்லை. பந்தி வரிசையைப் பார்த்தே அதே முடிவுக்கு வந்திருந்தார்.

எந்த வேலை?

நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24-இல், காந்தி நூற்றாண்டு ஆண்டில், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், ஒரு ஏழு நாள் முகாம் என்பது அதன் கணக்கு. இந்த மணிக்கணக்கை நிரப்ப எளிய வழிகள் உண்டு: பேரணி, மரம் நடுதல், ரத்ததானம். ரத்ததானம் அருமையான காரியம், ஆனால் தனித்தனியாகப் படுத்து எழுந்து வருவது. பேரணியில் முன்வரிசைக்குத்தான் வேலை. மரம் நடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போன வருடக் குழியிலேயே இந்த வருடக் கன்றை நட்டுப் படம் எடுத்த கல்லூரிகளை நான் அறிவேன்.

குளம் தானாக வந்தது. பாசன சங்கத்தார் கல்லூரிக்கு வந்து கேட்டார்கள். நாஞ்சில் நாட்டுக் குளங்கள் பெரும்பாலும் சங்கிலி போலக் கோத்தவை. 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் சானல் வழியாக வந்து, ஒரு குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் அடுத்ததுக்குப் போகும். அணை கட்டிய பொறியாளர் மின்சினை 'மூக்கன் துரை' என்று இன்றும் சொல்லும் ஊர் இது. வழக்கமாக ஜூன் 1-இல் திறக்கும் தண்ணீரைப் பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். ஆகவே குளத்தில் கை வைக்க வசதியான காலம் மார்ச்சும் அதற்குப் பிறகும். மாவட்டத்தில் சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் ஈரநிலங்களுக்கு 2022-இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில அங்கீகாரம் கிடைத்தபின் குளங்களைப் பற்றிக் கொஞ்சம் பேச்சும் எழுந்திருந்தது.

ஆகாயத்தாமரை தென்னமெரிக்கச் செடி. அழகுக்காகக் கொண்டுவந்தது, இப்போது குளத்தை மூடுகிறது. சாதகமான தண்ணீரில் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகும். சாக்கடைத் தண்ணீர் கலந்தால் கொண்டாட்டம். மூடிய தண்ணீருக்குக் காற்றும் வெளிச்சமும் போகாது, மீன் சாகும், மடை அடைபடும். பறித்ததைக் கரையிலேயே விட்டால் அடுத்த மழையில் திரும்பவும் உள்ளே இறங்கும். பச்சையாக இருக்கும்போது எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஒரு கை அள்ளினாலே தோள் இறங்கும். தனி ஆள் செய்கிற வேலையே இல்லை. திட்ட அலுவலருக்குப் பிடித்தது அதுதான்.

அனுமதி வாங்குவதற்குள் ஒரு மாதம் ஓடியது. குளம் நீர்வளத்துறையுடையது. செடியை எடுக்கலாம், வண்டலைத் தொடக்கூடாது, கரையை வெட்டக்கூடாது என்று சொல்லித்தான் கடிதம் கொடுத்தார்கள். அதில் நியாயம் உண்டு, வண்டல் அள்ளுவதற்குத் தனி விதிமுறை இருக்கிறது. அப்புறம் குத்தகைக்காரர். குளத்தின் ஒரு மூலையில் தாமரை எடுத்துத் தோவாளைச் சந்தைக்கு அனுப்புகிறவர். "பிள்ளைகளுக்கு எது தாமரை, எது பாசின்னு தெரியுமா சார்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் பகுதியைச் சுற்றிக் கயிறு கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிட்டபிறகே சரி என்றார்.

ஆள் பிரித்த விதம்

இங்கேதான் இந்தத் திட்டத்தின் உயிர் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதல் சண்டை பேனரில் வந்தது. யார் பெயர் மேலே? ஐந்து அமைப்புக்கும் ஆண்டறிக்கை உண்டு, ஆண்டறிக்கைக்குப் படம் வேண்டும். ரோட்டராக்ட் பேனருக்கு ஸ்பான்சர் பிடித்துவிட்டார்கள். மாணவர் படையினர் சீருடையில்தான் வருவோம் என்றார்கள். திட்ட அலுவலர் இரண்டு மணி நேரம் கேட்டுவிட்டு, பேனரே இல்லை, சீருடையும் இல்லை, எல்லாருக்கும் பழைய சட்டை என்று முடித்துவிட்டார். வருகைப் பதிவேடு ஒன்றே ஒன்று. அதிலிருந்து அவரவர் மணிக்கணக்கை அவரவர் அறிக்கைக்கு எழுதிக்கொள்ளலாம். பட்டப்படிப்பில் சேவைப் பணிகளுக்கான பகுதி 5 மதிப்பீட்டுக்கும் அதே பதிவேடுதான். முதல்வர் கையெழுத்துப் போட்டுவிட்டதால் பேச்சு அடங்கியது.

பதிவேட்டில் அவர் ஒரு புதுப் பத்தி சேர்த்தார்: எந்த பஸ். குழு பிரித்தது அதை வைத்துத்தான். ஒரு குழுவில் பத்துப் பேர். ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள் இரண்டு பேருக்கு மேல் கூடாது. சாதியோ மதமோ அமைப்போ கேட்காமலே எல்லாம் கலந்துவிட்டது. யாரும் முறைப்பாடு சொல்லவும் இடமில்லை. இதைவிட நேர்த்தியான நிர்வாக வேலையைக் கல்லூரிகளில் நான் அதிகம் பார்த்ததில்லை.

நாளும் நேரமும் இரண்டாவது விஷயம். ஞாயிற்றுக்கிழமை வைத்தால் கிறித்தவப் பிள்ளைகள் ஆராதனைக்குப் போய்விடுவார்கள். வெள்ளி மதியம் ஜும்ஆ. ஆகவே சனி. அதுவும் காலை ஒன்பதரைக்குத் தொடங்கி இரண்டரைக்கு முடிப்பது. கோதையாறு, பேச்சிப்பாறைப் பக்கம் போகும் பஸ் தவறினால் அந்தப் பிள்ளைகள் வீடு சேர இருட்டிவிடும். மாலையில் நடக்கும் எந்த நிகழ்ச்சிக்கும் அவர்கள் வராததற்குக் காரணம் கூச்சம் என்றுதான் அதுவரை எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

மூன்றாவது, யாருக்கு என்ன வேலை. முதல் பட்டியலில் மாணவிகளுக்குப் பெரும்பாலும் மோர் ஊற்றும் வேலையும் முதலுதவியும் விழுந்திருந்தன. குலசேகரம் பக்கத்து இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி பட்டியலோடு வந்தாள். "சார், நான் காலையில அப்பாகூட பால் வெட்டிட்டுத்தான் காலேஜுக்கு வாறேன். எனக்குக் கத்தி பிடிக்கத் தெரியும். மோர் ஊத்த இவன் போட்டும்" என்று பக்கத்தில் நின்ற விடுதிப் பையனைக் காட்டினாள். ரப்பர் மரத்தில் பட்டையை ஒரு நூல் கனத்துக்குச் சீவுகிற கை அது. குளக்கரைப் புதரையும், வேரோடு பின்னிக் கிடந்த கொடியையும் வெட்டும் குழுவுக்கு அவளையே தலைவி ஆக்கினார்கள். விடுதிப் பையன் மோர் ஊற்றினான். நன்றாகவே ஊற்றினான் என்று கேள்வி.

கயிறு

முதல் சனிக்கிழமை படுதோல்வி. எல்லாரும் கரையோரமாக இறங்கிக் கைக்கு அகப்பட்டதைப் பிடுங்கினார்கள். பிடுங்கினால் கறுப்பும் ஊதாவுமாக மயிர் போல் வேர், அதில் சேறு, சேற்றில் அட்டை. மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறியதும் நடுக்குளத்து மிதவை முழுக்க நகர்ந்து வந்து, காலையில் வெளுத்த இடத்தை மூடிவிட்டது. ஒருவனுக்கு பீர் பாட்டில் சில்லில் கால் கிழிந்தது. செஞ்சிலுவைப் பிள்ளைகள் கட்டுப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். தேங்கிய தண்ணீர், வெட்டுக்காயம், எலி மூத்திரம் மூன்றும் சேர்ந்தால் எலிக்காய்ச்சலுக்கு வழி என்று டாக்டர் திட்டினார். அடுத்த வாரம் முதல் முழங்கால் பூட்ஸும் கையுறையும் இல்லாதவர் தண்ணீரில் இறங்கக்கூடாது, உடம்பில் காயம் இருந்தால் கரை வேலை மட்டும் என்று விதி வந்தது.

அன்று கலையும்போது, முட்டம் பக்கத்துப் பையன் ஒருவன் தன் குழுவிடம் சொன்னான்: "இது கையால பிடுங்குற சாமானில்ல மக்கா. கரமடி மாதிரி வளைச்சு இழுக்கணும்."

கரமடி என்பது கரையிலிருந்தே இழுக்கும் பெருவலை. வள்ளத்தில் போய் அரைவட்டமாக வலையை விட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் இரண்டு கூட்டம் நின்று இழுக்கும். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் வரவேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணி மீன் போய்விடும். அடுத்த சனிக்கிழமை அவனும் இன்னும் மூன்று பேரும் ஊரிலிருந்து பழைய வலைத்துண்டும் கனத்த கயிறும் மிதவைக் கட்டைகளும் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

ஆனால் எந்தக் கரைக்கு இழுப்பது? அது கடப்புறத்துக்காரர்களுக்குத் தெரியாது. பாசன சங்கத்துப் பெரியவர் ஒருவரைப் பிள்ளைகள் 'பாட்டா' என்று கூப்பிடுவார்கள். "மக்ளே, இந்தக் கரை நனைஞ்ச கரை, அம்பது பேர் நின்னு இழுத்தா இருந்துபோவும். மறுகால் பக்கம் போங்க, அங்க கல்லுக்கட்டு உண்டு. காத்தும் மதியம் அங்கேதான் தள்ளும்" என்றார். காற்றின் திசையைப் பற்றி அவரும் முட்டத்துப் பையனும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டது எனக்குப் பிடித்த காட்சி. ஒருவர் வயலிலிருந்து பார்த்தது, ஒருவன் கடலிலிருந்து பார்த்தது. இரண்டும் ஒத்துப்போனது.

நீந்தத் தெரிந்த கடற்கரைப் பையன்கள் லைஃப் ஜாக்கெட்டோடு மிதவையைச் சுற்றி வலையைக் கொண்டுபோனார்கள். கரையில் இரண்டு கூட்டம். இழுக்கத் தொடங்கியதும் வடக்குக் கூட்டம் முந்தியது. அதில் மாணவர் படைச் சீனியர் ஒருவன், நல்ல திடகாத்திரன், தன் பலத்தில் இழுத்துக்கொண்டே போனான். "லேய், நிறுத்துங்கடே, கோணுது!" என்று முட்டத்துப் பையன் கத்தினான். சீனியருக்கு முகம் சிவந்துவிட்டது. முதலாமாண்டுப் பையன், அதுவும் அணிவகுப்பில் ஒருநாளும் நிற்காதவன், தன்னை 'லேய்' என்பதா? இரண்டு பேரும் கயிற்றை விட்டுவிட்டு முறைத்துக்கொண்டார்கள். கயிற்றை விட்டதும் மிதவை பின்னால் போகத் தொடங்கியது. கூட்டமே அவர்களைப் பார்த்துச் சத்தம் போட்டது.

சமரசம் ஒரு மாணவியின் யோசனை. சீனியரிடம் விசில் இருக்கிறது, ஆனால் வலை கோணுவது அவன் கண்ணுக்குப் படாது. முட்டத்துப் பையனுக்குக் கோணல் தெரியும், ஆனால் அவன் குரல் அந்தக் கரை வரை எட்டாது. இவன் கையைக் காட்ட, அவன் விசில் அடிப்பது என்று ஏற்பாடாயிற்று. ஒரு விசிலுக்கு இழு, இரண்டுக்கு நிறுத்து. அன்று மதியத்துக்குள் வந்த செடிக் குவியல் முதல் வாரத்தில் கைகளால் பிடுங்கியதைப் போலப் பல மடங்கு. அறுவடை முடிந்து சும்மா கிடந்த வயலில், தண்ணீர் திரும்ப எட்டாத தூரத்தில் கொட்டிக் காயவிட்டார்கள். காய்ந்தபின் சாணத்தோடு சேர்த்து மட்க வைக்க விவசாயிகளே எடுத்துக்கொண்டார்கள்.

சாப்பாட்டையும் சொல்லவேண்டும். மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் என்று கடற்கரைப் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள்; மீன் தொடாதவர்களும் இருந்தார்கள். கடைசியில் கஞ்சியும் பயறும் தேங்காய்த் துவையலும் என்று முடிவாயிற்று, அதில் யாருக்கும் தடை இல்லை. எந்தக் குழு வேலை முடித்து ஏறுகிறதோ அந்தக் குழு வந்து குத்தவைத்துக் குடித்தது. பஸ் வரிசை உருவாக அங்கே நேரமே இல்லை. சமபந்திக்குச் செய்த செலவில் பாதிகூட ஆகவில்லை.

கடற்கரையில் சறுக்கியது

குளத்து வேலை தந்த தெம்பில், அடுத்தது கடப்புறம் என்று தீர்மானித்தார்கள். கடற்கரை ஊர் ஒன்றில் பிளாஸ்டிக் பொறுக்குவது. ஊரைக் கேட்டார்களா என்றால், பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை சொன்னார்கள், அவ்வளவுதான். காலையில் கையுறையும் சாக்குமாகப் பிள்ளைகள் இறங்கினார்கள். அதே நேரத்தில் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதியத்துக்குள் ஒரு மாணவியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், குப்பைமேட்டுப் படமும் மூக்கைப் பொத்தும் பொம்மையுமாக, ஊர்ப் பையன்களின் போனுக்கு வந்துவிட்டது.

"எங்க ஊரு நாறுதுன்னு காட்டத்தான் வந்தீங்களாக்கும்?" என்று ஒரு அக்கா கேட்டார். பதில் சொல்ல யாரிடமும் ஒன்றும் இல்லை. மோசமாக அடிபட்டது அந்த ஊரிலிருந்தே வரும் மூன்று மாணவர்கள். குளத்தில் கயிறு பிடித்துக் கெத்தாக நின்றவர்கள், இங்கே தங்கள் வீட்டு வாசலிலேயே தர்மம் வாங்குகிறவர்கள் ஆகிவிட்டார்கள். அதில் ஒருவன் அடுத்த சனிக்கிழமை வரவில்லை.

இரண்டு குழுக்கள் பழகுவதால் ஒன்றைப் பற்றி மற்றதற்குள்ள தப்பெண்ணம் குறைய, சம அந்தஸ்து, பொதுக் குறிக்கோள், ஒத்துழைப்பு, மேலிட ஆதரவு என்ற நான்கும் வேண்டும் என்று கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954-இல் எழுதினார். குளத்தில் நான்கும் இருந்தன. கடற்கரையில் மேலிட ஆதரவு மட்டும் இருந்தது. குளத்தைக் கேட்டு வந்தது பாசன சங்கம். குப்பையை யாரும் கேட்கவில்லை. அந்த வேலையில் கடப்புறத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் தெரிந்தது என்று ஒன்றுமே இல்லை.

திட்ட அலுவலர் தனியாகப் போய் ஊர்க் கமிட்டியிடம் உட்கார்ந்தார். உங்களுக்கு என்னதான் தேவை என்று அப்போதுதான் கேட்கப்பட்டது. விண்ணப்பம், அடையாள அட்டை, நலவாரியப் புதுப்பிப்பு என்றார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கடலில் இருந்தவர்கள் யார் யார் என்று பட்டியல் எடுக்க ஊர்கள் பட்ட பாட்டை அவர்கள் மறக்கவில்லை. பெயர் ஒரு அட்டையில் ஒரு மாதிரி, இன்னொன்றில் இன்னொரு மாதிரி. அப்பா பெயரின் முதலெழுத்து மாறியிருக்கும். நிவாரணம் அதில் மாட்டிக்கொள்ளும். இந்த மாவட்டத்தில் மீன்பிடித் தடைக்காலமே இரண்டு. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தடைக்கால நிவாரணப் படிவத்தை எந்தக் கணக்கில் நிரப்புவது என்று வெளியூர் இ-சேவை மையத்துக்குப் புரிவதில்லை.

இப்படி இரண்டாவது திட்டம் வேறு உருவம் எடுத்தது. கணினித் துறைப் பிள்ளைகள், பெரும்பாலும் டவுன், மார்த்தாண்டம் பக்கத்தவர்கள், மடிக்கணினியோடு பங்குப் பள்ளி வராந்தாவில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு கடற்கரை மாணவர். வள்ளமா, விசைப்படகா, பங்குக்காரரா, கூலிக்குப் போகிறவரா என்று அவர்தான் கேட்டு எழுதவேண்டும். இல்லாவிட்டால் படிவம் தப்பாகப் போகும். வராமல் இருந்த பையன் இரண்டாவது வாரம் வந்துவிட்டான். அவனில்லாமல் ஒரு மேசை ஓடவில்லை என்று ஆள் விட்டுக் கூப்பிட்டார்களாம். ஸ்டேட்டஸ் போட்ட பெண்ணும் வந்து உட்கார்ந்தாள். முதலில் அவள் மேசைக்கு யாரும் வரவில்லை. அப்புறம் கேள்வி கேட்ட அதே அக்கா தன் மகனின் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தோடு வந்தார். வந்த இடத்தில் இன்னும் நாலு வார்த்தை ஏசினார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

எது மாறியது, எது மாறவில்லை

அளவுகோல் வைத்து யாரும் அளக்கவில்லை. ஆகவே நான் பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் சொல்கிறேன். குழுக்களின் வாட்ஸ்அப் தொகுப்புகள் கலைக்கப்படவில்லை. செமஸ்டர் நேரத்தில் நோட்ஸ் அதில் ஓடியது. கலைவிழாவில் வழக்கம்போல ஒரு தள்ளுமுள்ளு வந்தது. வழக்கத்துக்கு மாறாக, இரண்டு பக்கமும் நின்ற குழுத்தோழர்களே இழுத்து விலக்கிவிட்டார்கள். ஐந்து அமைப்புகளும் இப்போது வருடத் தொடக்கத்தில் ஒன்றாக உட்கார்ந்து நாள்காட்டி போடுகின்றன. அதற்குக் காரணம் பாசம் என்பதைவிட, ஒரே பதிவேட்டில் வேலை குறைகிறது என்பதுதான். அது போதும்.

வகுப்பில் உட்காரும் வரிசை பெரிதாக மாறவில்லை. பஸ் இருக்கும்வரை மாறாது என்று நினைக்கிறேன். காதல், கல்யாணம், சாதி பற்றிய வீட்டுப் பேச்சை ஒரு குளம் தொடப்போவதில்லை. அதை எதிர்பார்த்து இதைச் செய்பவர்கள் ஏமாறுவார்கள். மாணவர் படைச் சீனியரும் முட்டத்துப் பையனும் நண்பர்கள் ஆனார்களா என்று கேட்டேன். "பேசிக்கிடுவோம் சார்" என்றான் பையன்.

இன்னொன்று விவாதத்துக்குரியது. பாதிப் பேர் வந்ததே பகுதி 5 மதிப்பெண்ணுக்கும் வருகைப் பதிவுக்கும்தான். சேவை மனசிலிருந்து வரவேண்டும், இது என்ன கட்டாய சேவை என்று சில ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு இதில் மாற்றுக் கருத்து. தானாக முன்வருகிறவர்களை மட்டும் வைத்து நடத்தினால் ஏற்கெனவே எல்லாரோடும் பழகுகிறவர்கள்தான் வருவார்கள். பழகாதவனைக் கயிற்றின் பக்கம் கொண்டுவந்து நிறுத்தியது அந்த மதிப்பெண்தான். கயிறு பிடித்தபின் அவன் எதற்கு வந்தான் என்பது பெரிய விஷயம் இல்லை.

குளத்தைப் பற்றியும் பொய் சொல்லக்கூடாது. ஆகாயத்தாமரை விதை சேற்றுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். மறுவருடம் ஓரங்களில் திரும்பவும் முளைத்தது. மேலிருந்து வரும் கழிவுநீரை நிறுத்தாமல் அது நிற்காது. அது மாணவர் கையில் இல்லை. பாசன சங்கம் இப்போது வலைத்துண்டைத் தானே வாங்கி வைத்துக்கொண்டு, பூக்கும் முன்பே ஓரத்தை வளைத்து இழுத்துவிடுகிறது.

இந்த வருடம் சங்கம் கேட்பது சானலின் கடைமடைப் பகுதியை. ஜூன் 1-க்குள் முடிக்கவேண்டும், ஆனால் மே மாதம் கல்லூரி விடுமுறை, விடுதி காலி. அந்தந்த பஸ் தடத்தில் ஊருக்குள் இருக்கிற பிள்ளைகளை வைத்துச் செய்யலாமா என்று யோசிக்கிறார்கள். அப்படிச் செய்தால் குழுக் கலப்பு போய்விடும் என்பது திட்ட அலுவலரின் கவலை. கல்லூரி திறந்தபின் செய்தால் தண்ணீர் வந்துவிடும் என்பது பாட்டாவின் கவலை. ஏப்ரல் கடைசித் தேர்வு முடிந்த மறுநாளே தொடங்குவது என்ற யோசனைக்கு இப்போதைக்கு ஆதரவு அதிகம். அங்கே கயிறு உதவாது, மண்வெட்டிதான் வேண்டும். யார் வீட்டில் மண்வெட்டி இருக்கிறது என்று பதிவேட்டில் இன்னொரு பத்தி போட்டிருக்கிறார்கள்.